பூங்கொடியின் பல்கூச்சம்

பூங்கொடி ஒரு நாள்கூடத் தவறாகச் சொல்லவில்லை.

முதலில் அதை யாரும் கவனிக்கவில்லை. மங்கையர்க்கரசியும் கவனிக்கவில்லை. வேட்டைக்காரன் நகரில் நாற்பது பேருக்கு மேல் ஒரு மாதமாகச் சொன்ன பதில்களை அவள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஊரே சேர்ந்து ஏமாந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தபோதுதான் அந்த ஒரு வரிசையில் கண் நின்றது. கம்பம் ஓடிய நாளெல்லாம் ‘இருந்துச்சுங்க’. ஓடாத நாளெல்லாம் ‘இல்லீங்க’. மாவுக்கடை பூங்கொடி, கந்தவேலின் மனைவி.

காற்றில் மின்சாரம் வந்து அப்போது ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. தெருவுக்கு ஒரு கம்பம் நின்றது. அதன் உச்சியில் கவிழ்த்து வைத்த தாம்பாளம் போல ஒன்று இருக்கும், அடியில் ஒரு பச்சை விளக்கு எரியும். அந்த வீச்சுக்குள் வந்துவிட்டால் போன் தானாக சார்ஜ் ஏறும். மின்விசிறி ஓடும், நிறுத்திய இடத்திலேயே ஸ்கூட்டர் நிரம்பும். வயர் இல்லை, பிளக் இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஜனங்கள் அதற்குக் காத்துக் கரண்ட்டு என்று பெயர் வைத்தார்கள்.

இவ்வளவு கரண்ட் உடம்புக்குள் புகுந்து போகிறதே, ஒன்றும் ஆகாதா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத்தான் கதிர்க்காப்பு ஆணையம் இருந்தது. மனித உடம்பு இவ்வளவு தாங்கும் என்று ஆணையம் ஒரு வரம்பு போட்டிருந்தது. எந்தக் கம்பமும் அதைத் தாண்டக் கூடாது. கோவை மண்டலத்தில் கம்பம் கம்பமாகப் போய் அளந்து, தாண்டவில்லை என்று சொல்வது மங்கையர்க்கரசியின் வேலை. எல்லோருக்கும் அவள் அரசி மேடம்.

அவளுக்கு அந்தக் கம்பங்களின் மேல் தனிப் பிரியம் உண்டு. அவள் அப்பா மின்சார லைன்மேனாக இருந்தவர். ஓர் ஐப்பசி மழையில் அறுந்து தொங்கிய கம்பியைச் சரிசெய்யப் போனவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அரசி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பல வருடம் கழித்து, அறுந்து விழுவதற்குக் கம்பியே இல்லாத மின்சாரம் வரப்போகிறது என்று வகுப்பறையில் கேட்ட அன்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் காரணம் தெரியாமல் விழித்தார்கள்.

ஆகவே, கம்பம் வந்ததிலிருந்து தலைவலி, தூக்கமில்லை, வாந்தி என்று வேட்டைக்காரன் நகர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்தபோது அவளுக்குள் ஒரு சின்னக் கோபம்தான் வந்தது. அளந்து பார்த்தாள். வரம்பில் பாதிகூட இல்லை. சொன்னால் நம்புவாரில்லை. போராட்டக் குழுவுக்குத் தலைவர் லேத் பட்டறை வைத்திருந்த கந்தவேல். நல்ல மனிதர், குரல் மட்டும் பெரிது.

“மீட்டர் உங்களுது, கம்பெனி உங்களுது. என்னங்க மேடம் பண்ணச் சொல்றீங்க எங்கள?” என்றார்.

“மீட்டரை விடுங்கண்ணா. உங்க உடம்பையே கேப்போம்,” என்றாள் அரசி.

கல்யாண மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினாள். ஒரு மாதம் கம்பம் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. எந்த நாள் எது என்று சென்னையில் ஒருவர் சீட்டுக் குலுக்கிப்போட்டு முடிவு செய்வார். இங்கே யாருக்கும் தெரியாது, அரசிக்கும் தெரியாது. பச்சை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அந்த மாதம் முழுக்க எல்லோரும் பழைய வயரைத் தேடியெடுத்து சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டும். சாயங்காலம் வந்து, இன்றைக்கு உபத்திரவம் இருந்ததா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும்.

கந்தவேல் எழுந்து நின்றார். “செய்யுங்க மேடம். எங்க பேர்ல தப்புன்னா நாங்களே அந்தக் கம்பத்துக்கு மாலை போடறோம்.” மண்டபம் கைதட்டியது.

அந்த மாதம் சாயங்காலங்களில்தான் பூங்கொடியை அரசி முதலில் பார்த்தாள். மற்றவர்கள் வலியைப் பற்றி நிறையப் பேசினார்கள். பூங்கொடி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவாள், கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருக்கிறது என்பாள். ஒருநாள் அரசிதான் பிடித்து நிறுத்தினாள்.

“எப்படி இருக்கும்னு சொல்லுங்களேன்.”

“எப்படீங்க சொல்றது? மொதல்ல பல்லு கூசுமுங்க, மாங்காய் கடிச்சாப்பல. அப்பறம் பொடனில ஆரோ திருகாணி வெச்சு முறுக்கறாப்பல. நின்னா பட்டுனு நின்னு போகுமுங்க.” பின்கழுத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். “மத்தவங்களுக்கும் அப்படித்தானுங்களா?”

மற்றவர்களுக்கு அப்படி இல்லை. சீட்டைப் பிரித்துப் பார்த்தபோது, கம்பம் ஓடாத நாட்களிலும் அவர்களுக்கு அதே அளவு தலை வலித்திருந்தது. பொய் சொல்லவில்லை. பயந்திருந்தார்கள், அந்தப் பயம் நிஜமாகவே வலித்திருக்கிறது. பூங்கொடி ஒருத்திதான் வேறு.

ஆணையத்தின் இயக்குநர் சுரேந்திரன் அறிக்கையைக் கடைசிவரை பொறுமையாகப் படித்தார்.

“ஒரே ஒருத்தர்,” என்றார்.

“ஒருத்தர்தான் சார். ஆனா மாசம் பூராவும் சரி. காசைச் சுண்டிப் போட்டு, தினமும் சொன்ன பக்கமே விழுமா?”

“எங்கயோ ஒருத்தருக்கு லாட்டரியும் விழுந்துட்டுதானே இருக்கு? இங்க பாருங்க அரசி, வரம்புங்கறது ஆளுக்கு ஆள் போடறது இல்ல. ஜனத்தொகைக்குப் போடறது. கடலை தின்னா ஒருத்தனுக்குத் தொண்டை அடைச்சுக்கும். அதுக்காக ஊர்ல கடலைமிட்டாயே விக்கக் கூடாதுன்னு சொல்ல முடியுமா?”

“அவன் கடலைமிட்டாய் திங்காம இருந்துக்கலாம் சார். காத்துல வர்றத எப்படி...?”

சுரேந்திரன் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை அவர். அரசி எழுதியிருந்த ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு, அறிக்கையின் கடைசியில் ‘ஒருவரின் பதில்கள் மேலும் ஆராயத் தக்கவை’ என்று ஒரு வரியை மட்டும் விட்டுவைத்தார். அதுவரை படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. வலி கம்பத்தில் இல்லை, மனதில்தான் இருக்கிறது என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின.

வேட்டைக்காரன் நகர் வெட்கத்தில் குறுகிப்போனது. இளவட்டங்கள் நாலு பேர் கந்தவேலைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், சொன்ன வாக்குப்படி கம்பத்துக்கு மாலை போட வைத்தார்கள். அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். அவர் போட்டுவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனார். வெட்கத்தைத் துடைத்துக்கொள்ள ஊருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மற்றவர்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் தலைவலி போய்விட்டது. பூங்கொடிக்குப் போகவில்லை. போகவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டும் இருந்தாள்.

“இவ கெளப்பி விட்டதுதான் அத்தனையும்” என்றார்கள். பைத்தியக்காரி கையால் அரைத்த மாவு எதற்கு என்று கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். மகள் ஓவியாவுக்குத் திருப்பூரில் பேசி முடித்திருந்த இடத்திலிருந்து, “அம்மாவுக்கு மனசு சரியில்லைன்னு கேள்விப்பட்டோமே” என்று போன் வந்தது. கந்தவேல் ஓடிப்போய்க் காலில் விழாத குறையாகப் பேசி அந்தக் கல்யாணத்தை நடத்தினார். கல்யாணத்தன்று மண்டபத்து வாசலிலேயே கம்பம் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு பூங்கொடி சிரித்தபடி நின்ற படம் ஒன்று உண்டு.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் இருக்கவில்லை. கந்தவேலின் தூரத்து உறவினர் ஒருவருக்கு ஆலாந்துறைக்கு அந்தப் பக்கம் மலையை ஒட்டித் தோட்டம் இருந்தது. அங்கே ஆளில்லாமல் கிடந்த சாளையில், ஒரே அறையும் ஓட்டுக்கூரையுமாக இருந்த வீட்டில், தனியாகப் போய் இருந்துகொண்டாள். சுற்றுவட்டாரத்தில் கம்பம் இல்லாத இடம் அது ஒன்றுதான். கந்தவேல் ஞாயிற்றுக்கிழமை வந்து போவார்.

இரண்டு வருடம் கழித்து அரசி அங்கே போய் நின்றாள்.

காரணம் இதுதான். பஸ்ஸும் லாரியும் காற்றுக் கரண்ட்டிலேயே ஓட வேண்டும் என்றால் இப்போதைய வரம்பு போதாது, நாலு மடங்கு ஏற்ற வேண்டும் என்று கம்பெனிகள் கேட்டன. வழக்கு நீதிமன்றம் போனது. அங்கே ஒரு வயதான நீதிபதி பழைய அறிக்கைகளை உண்மையிலேயே கடைசி வரி வரைக்கும் படித்தார். ‘அந்த ஒருவர் யார்? அவரை மறுபடி சோதித்துவிட்டு வந்து பேசுங்கள்’ என்று சொல்லிவிட்டார்.

பூங்கொடி பாதி ஆளாகியிருந்தாள். முகம் மட்டும் தெளிந்திருந்தது. தோட்டத்துக் கீரையைக் கிள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்ப நா சரியாச் சொல்லிப்போட்டா வரம்பு ஏறாதுங்களா?”

“ஏறாதுக்கா. நீங்க சொன்னது நெசம்னு நாடே ஒத்துக்கும். அன்னைக்கு உங்கள அப்படிப் பேசுனவங்க அத்தன பேரும் ஒத்துக்கணும்.” இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அரசி இரண்டு வருடம் காத்திருந்தாள்.

பூங்கொடியின் கை கீரையிலேயே நின்றது. கண் நிறைந்துவிட்டது. “இவரு அந்த மாலையப் போட்டுட்டு வந்தன்னைக்கு சோறே உங்கலீங்க. அது போதுமுங்க எனக்கு. இவரு நிமுந்து நடந்தாப் போதும்.”

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நல்ல செய்தியை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று அரசிக்கு ஆசை.

“அது மட்டும் இல்லக்கா. உங்கள மாதிரி இருக்கறவங்களுக்குன்னு கம்பெனிக்காரங்களே ஒரு திட்டம் குடுத்திருக்காங்க. நீங்க நெசம்னு ஆயிட்டா, அரசாங்கம் அப்படிப்பட்டவங்களைப் பதிவு பண்ணும். கம்பமே இல்லாத அமைதி வளாகம்னு மலையடிவாரத்துல கட்டி, வீடு குடுத்து அங்க குடிவெக்கும். நீங்க இப்படி ஒண்டிக் கெடக்க வேண்டியதில்ல. ரத்த சொந்தத்துக்கும் வரலாம்னு அவங்களையும் சோதிப்பாங்க.”

“ரத்த சொந்தம்னா?”

“கூடப்பொறந்தவங்க, புள்ளைங்க...”

“சோதிச்சு?”

“இருந்தா அவங்களுக்கும் அங்கயே வீடு. வெளிய இருந்தா ஆபத்தாச்சே, அதனால விட மாட்டாங்க.”

பூங்கொடி கீரையை மறுபடி கிள்ளத் தொடங்கினாள். தலை நிமிராமலே, “ஓவியா ஏழு மாசமா இருக்கறாளுங்க,” என்றாள்.

“அப்படியா! நல்லபடியா பொறக்கட்டும்,” என்றாள் அரசி. அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

ஆணையத்தின் ஆய்வுக்கூடம் ஊருக்கு வெளியே இருந்தது. சோதனை அறையின் சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் செம்புத் தகடு போர்த்தியிருந்தது. வெளியிலிருந்து எந்த அலையும் உள்ளே வராது. ஒரு நாற்காலி இருக்கும். சுவரில் சின்னதாக ஒரு கம்பத்தின் தலை பதித்திருக்கும். அதை ஒருமுறை ஓட விடுவார்கள், ஒருமுறை விடமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் பூங்கொடி பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் பத்து முறை, மறுநாள் பத்து முறை. எப்போது ஓடுகிறது என்பது வேறு கட்டடத்தில் இருந்த ஒருவருக்கு மட்டும் தெரியும். கம்பெனித் தரப்பில் ஓர் ஆளும் நீதிமன்றத் தரப்பில் ஓர் ஆளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

கதவை மூடியதும் பூங்கொடி அப்படியே நின்றாள். பிறகு நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். இருபது மைல் வண்டியில் வந்தவளுக்கு வழியெல்லாம் கம்பம்.

“என்னக்கா?” என்று ஒலிபெருக்கியில் கேட்டாள் அரசி.

“ஒண்ணுமில்லீங்க. சத்தம் ஓஞ்சாப்பல இருக்குது.”

அன்று சாயங்காலம் பதில்களை ஒப்பிட்டார்கள். சுரேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பத்துக்கு ஒண்ணுகூடச் சரியில்ல. முடிஞ்சுது கதை. அன்னைக்கு நா சொன்னேனே, லாட்டரின்னு.” கம்பெனி ஆள் எழுந்து வந்து அவருக்குக் கைகொடுத்தார்.

அரசியும் பார்த்தாள். ஓடியபோதெல்லாம் ‘இல்லீங்க’. ஓடாதபோதெல்லாம் ‘இருக்குதுங்க’. ஒன்றுமே தெரியாதவள் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் நாலைந்தாவது தானாகச் சரியாக விழுந்திருக்கும். பத்தையும் தப்பாகச் சொல்ல வேண்டும் என்றால், பத்தும் தெரிந்திருக்க வேண்டும்.

பூங்கொடி வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து வண்டிக்காகக் காத்திருந்தாள். இரண்டு விரலால் தாடையை அழுத்திக்கொண்டிருந்தாள். சாலையோரத்தில் ஒரு கம்பம் நின்றது. அரசி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ஏங்க்கா இப்படிப் பண்ணுனீங்க?”

“என்னதுங்க?”

“எல்லாத்தையும் மாத்திச் சொல்லியிருக்கீங்க.”

பூங்கொடி மறுக்கவில்லை. “உங்களுக்குத் தெரிஞ்சு போகும்னு நெனச்சனுங்க,” என்றாள். சாலையோரக் கம்பத்தைப் பார்த்தபடி, “ஓவியாவுக்கும் இருக்குதுங்க,” என்றாள்.

“அவங்க சொன்னாங்களா?”

“அவ எப்படிங்க சொல்லுவா? எங்க சொன்னா எனக்கு ஆனது அவளுக்கும் ஆயிருமோன்னு பயம். அவ வளைகாப்புக்குப் போயிருந்தேன். வளையல் போடறப்ப எல்லாரும் பாடிட்டு இருக்கறாங்க, இவ இப்படி...” தாடையை அழுத்திய தன் விரல்களைக் காட்டினாள். “நா பாத்தத அவ பாத்துட்டா. சட்டுனு கைய எடுத்து சேலையச் சரி பண்றாப்பல பண்ணுனா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல.”

அரசி அந்த விரல்களையே பார்த்தாள்.

“பதிவுல பேரு ஏறிப்போட்டா மாப்பிள்ள அவளோட மலையடிவாரத்துக்கு வருவாருங்களா? நல்ல பையந்தான். ஆனா வேலை திருப்பூர்ல, ஆத்தா அப்பன் திருப்பூர்ல. எத்தன நாளைக்கு வருவாரு? புள்ளை எந்த ஆஸ்பத்திரில பொறக்கும்? கம்பமில்லாத ஆஸ்பத்திரி இருக்குதுங்களா? அந்தப் புள்ளையையும் சோதிப்பாங்க.”

“நீங்க இப்படிச் சொன்னீங்கன்னா வரம்பு நாலு மடங்கு ஏறும்க்கா. உங்க பொண்ணும் அதுக்குள்ளதான இருக்கணும்?”

“தெரியுமுங்க.” குரல் உடையவில்லை. யோசித்து முடித்துவிட்டவளின் குரல். “வலியோட இருக்கறது ஒண்ணு. வலிக்குதுங்கறதுக்காகத் தள்ளி வெச்சுப்போட்டா, அங்க இருக்கறது இன்னொண்ணு. நா ரெண்டையும் பாத்துட்டேன். மொதலாவது தேவலைங்க.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“அவருகிட்டச் சொல்லாதீங்க. எனக்கு நெசமாவே மனசுதான் சரியில்லாம இருந்துச்சுன்னு நெனச்சுக்கட்டும். இனி நானும் வீட்டுக்கு வந்தர்றேன்.”

அரசி எழுந்து உள்ளே போயிருக்கலாம். பத்தும் தவறு என்பது பத்தும் சரி என்பதற்குச் சமம் என்று நீதிமன்ற ஆளிடம் ஒரே நிமிடத்தில் விளங்கவைத்திருக்கலாம். அதற்குப் பிறகு யாரும் வாய் திறந்திருக்க முடியாது. அவள் வேலையே அதுதான். ஆணையத்தின் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதே உண்மையைச் சொல்லத்தான். இருந்தும் எழுந்திருக்கவில்லை. சாலையில் போகும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைத் தூக்கி வந்தபோது அம்மா முதலில் அவர் பிழைப்பாரா என்று கேட்கவில்லை, புள்ளைகளை உள்ளே கூட்டிப் போங்கள் என்றுதான் சொன்னாள். அது ஏனோ ஞாபகம் வந்தது.

“அக்கா,” என்றாள், பூங்கொடியின் முகத்தைப் பார்க்காமல். “ஒண்ணும் தெரியாதவங்க குத்துமதிப்பாச் சொன்னா பாதி சரியா வரும். நாளைக்கும் எல்லாமே தப்பா இருந்தா, சென்னையில கணக்குப் பாக்கறவங்க யாருக்காவது பொறி தட்டிரும்.”

பூங்கொடி திரும்பிப் பார்த்தாள்.

“நாளைக்கு ஒரு ஏழெட்டு சரியாச் சொல்லுங்க,” என்றாள் அரசி.

மறுநாள் பூங்கொடி ஏழு சரியாகச் சொன்னாள், மூன்று தப்பு. இரண்டு நாளையும் கூட்டிப் பார்த்தபோது, கண்ணை மூடிக்கொண்டு யார் சொன்னாலும் வரக்கூடிய கணக்காக இருந்தது. சுரேந்திரன் கையெழுத்துப் போட்டார், நீதிமன்ற ஆள் போட்டார், அரசி போட்டாள். அவள் கையெழுத்து எப்போதும்போல ஒழுங்காகவே விழுந்தது. அதுதான் அவளுக்குப் பின்னாளில் திரும்பத் திரும்ப உறுத்தியது.

எல்லோரும் போன பிறகு பூங்கொடி தயங்கி நின்றாள். “மேடம், அந்த ரூம்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்துக்கட்டுங்களா?”

அரசி கதவைத் திறந்துவிட்டாள். சுவரில் இருந்த கம்பத்தின் இணைப்பைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டாள். பூங்கொடி நாற்காலியில் உட்காராமல் செம்புத் தரையிலேயே முந்தானையை விரித்துப் படுத்தாள். படுத்த நொடியில் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, தாடை தளர்ந்திருந்தது. வண்டிக்காரர் வந்து இரண்டு தடவை கேட்டும் அரசி அவளை எழுப்பவில்லை.

வரம்பு ஏறியது. கம்பங்களின் தாம்பாளங்களைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை மாட்டினார்கள். பஸ்கள் நிற்காமல் ஓடின. அப்படிப்பட்டவர்கள் யாரும் இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டதால் பதிவுத் திட்டமும் அமைதி வளாகமும் கைவிடப்பட்டன. பூங்கொடி வேட்டைக்காரன் நகருக்குத் திரும்பி வந்து கடையைத் திறந்தாள். சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள். ஊரும் பெருந்தன்மையாக மன்னித்து மாவு வாங்க வந்தது. ஓவியாவுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது என்று அரசிக்குக் கந்தவேல் சொல்லித்தான் தெரியும். அவர் நிமிர்ந்து நடக்கவில்லை. ஆனால் பழையபடி சாப்பிட்டார்.

வேலையை விட்டுவிடலாம் என்று அரசி பலமுறை நினைத்தாள். தான் போனால் அந்த நாற்காலிக்கு வருகிறவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெரிந்து அங்கே இருப்பதால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்பதை அவள் யோசிக்கவில்லை, லோகேஷ்வரன் வரும்வரை.

லோகேஷ்வரன் பஸ் கண்டக்டர். பொள்ளாச்சி ரூட்டில் நாள் முழுக்கக் கம்பங்களுக்கு நடுவில் போய் வருகிறவன். காக்கிச் சட்டையோடு வந்து, மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவள் மேசைக்கு முன்னால் நின்றான்.

“புகார் குடுக்க வரல மேடம். குடுத்தாலும் ஆகாதுன்னு தெரியும். ஒவ்வொரு கம்பத்தத் தாண்டும்போதும் காதுக்குள்ள தகரத்தச் சொரண்டற மாதிரி வருது. கண்ணை மூடிட்டு இருந்தாலும் எங்க கம்பம் இருக்குன்னு சொல்லிருவேன். டிரைவருக்குக் கேக்கல. பேசஞ்சருக்குக் கேக்கல. வீட்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அவரு மூளைக்குன்னு மாத்திரை எழுதிட்டாரு.” சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். “ஒண்ணு மட்டும் கேக்கணும். நா பைத்தியமா மேடம்?”

அறையில் யாரும் இல்லை. “இல்ல. நீங்க பைத்தியம் இல்ல,” என்றாள் அரசி.

அவன் எதிர்பார்க்கவில்லை. உதடு கோணிக்கொண்டது. கையால் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு, எப்படித் தெரியும் என்றுகூடக் கேட்காமல், கும்பிட்டுவிட்டுப் போனான். அன்று அரசி பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் அவன் மனைவியோடு வந்தான். அறை நிறைந்திருந்தது. சுரேந்திரன் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டு நின்றார். கம்பெனி ஆள் ஒருவர் புதுக் கம்பங்களுக்கு அனுமதி வாங்க உட்கார்ந்திருந்தார்.

“மேடம்,” என்றான் லோகேஷ்வரன். முகத்தில் வெளிச்சம் இருந்தது. “அன்னைக்கு எங்கிட்டச் சொன்னீங்கல்ல, அத இவகிட்டயும் ஒரே ஒரு தடவ சொல்லிருங்க.”

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அழுது வீங்கிய கண். “மாத்திரைய முழுங்கவே மாட்டேங்கறாருங்க. கேட்டா, மேடம் சொன்னாங்க, மேடம் சொன்னாங்கங்கறாரு. நேத்து ஓடற பஸ்லருந்து எறங்கப் பாத்திருக்காரு. நீங்க என்னதாங்க சொன்னீங்க?”

கம்பெனி ஆள் திரும்பிப் பார்த்தார். சுரேந்திரன் பார்த்தார்.

உண்மை என்று ஒரு வார்த்தை சொன்னால், எப்படி என்று கேட்பார்கள். பழைய சோதனையைத் தோண்டுவார்கள். அதில் முதலில் எழும் பெயர் பூங்கொடி. அடுத்தது ஓவியா. அதற்கடுத்தது, இன்னும் உட்காரக்கூடத் தெரியாத அந்தக் குழந்தை.

“ஆய்வு பண்ணிப் பாத்தாச்சும்மா,” என்றாள் அரசி. “அந்த மாதிரி யாருக்கும் எதுவும் இல்லன்னு நிரூபணம் ஆயிருச்சு. டாக்டர் சொல்றபடி கேக்கச் சொல்லுங்க.”

லோகேஷ்வரன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் வரும் என்று அரசி காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் மெதுவாக வடிந்தது, அவ்வளவுதான்.

“அப்படீங்களா,” என்றான். “அப்ப அன்னைக்கு மேடம் ஒண்ணும் சொல்லல. சொன்ன மாதிரி எனக்குத்தான் கேட்டிருக்கு போல.”

மனைவியிடம் கை நீட்டினான். அவள் அவசரமாகப் பையிலிருந்து மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள். அவன் மூலையில் இருந்த தண்ணீர் கேனுக்குப் போய், அங்கே சங்கிலியில் கட்டியிருந்த டம்ளரில் தண்ணீர் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் அதை விழுங்கினான்.